டயலைக் கழற்றாமல் சொன்னது

ராயபுரத்தில் வாட்ச் ரிப்பேர் செய்து பிழைத்துக்கொண்டிருந்த ஒருவரை நான் திருடனாக்கினேன். திருடன் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. 'இந்த வாட்ச்சில் இருப்பது இதன் சொந்த மெஷின் இல்லை' என்று மட்டும்தான் சொன்னேன். கூடியிருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. நான் சொன்னது தவறு. தவறு என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகும் வருடக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதலில் செய்தது அவசரம். பிறகு செய்ததற்கு அப்படி நல்ல பெயர் எதுவும் கிடையாது.

அறுபதுகளில் நான் துறைமுகத்தில் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தேன். பௌதிகத்தில் பட்டம் வாங்கி, அதற்கு மேல் வரைபட வேலையும் கற்றுக்கொண்டு போனவன். கிரேன்களின் பற்சக்கரம் தேய்ந்தால் அதை அளந்து வரைந்து கொடுக்க வேண்டும். நாள் முழுக்கப் பெரிய சக்கரங்களை வரைந்ததாலோ என்னவோ, சின்னச் சக்கரங்கள்மேல் கிறுக்குப் பிடித்தது. வாட்ச்சுக்குள்ளே ஓடுவதை எங்கள் பக்கத்தில் மெஷின் என்பார்கள். எந்த வாட்ச்சில் எந்த மெஷின் இருக்கிறது, இதுவும் அதுவும் ஒன்றா வேறா என்று கண்டுபிடிப்பதே எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதாகிப் போனது.

அந்த வேலையைப்போல் எரிச்சல் மூட்டுவது வேறொன்று இல்லை. டயலில் ஒரு பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் மெஷின் அந்தப் பெயர்க்காரர்கள் செய்ததாகவே இருக்காது. சுவிட்சர்லாந்தில் மெஷின் மட்டும் செய்து விற்கும் ஆலைகள் உண்டு; அவர்களிடம் வாங்கி, தங்கள் பெயரைப் பொறித்துக்கொள்ளும் கம்பெனிகள் எத்தனையோ. மெஷின் செய்தவர்கள், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில், தகட்டில் ஒரு முத்திரையும் எண்ணும் போட்டிருப்பார்கள். கடுகின் பாதி அளவு. அதில் எண்ணெய் காய்ந்து அழுக்கு மூடியிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியில் பஞ்சைச் சுற்றித் துடைத்தால் முத்திரை தேய்ந்துபோய் எண் மட்டும் தெரியும். அந்த எண்ணை வைத்துத் தேட என்னிடம் புத்தகம் இல்லை. பெரிய லைப்ரரியில் கேட்டபோது சுவர்க்கடிகாரங்களின் வரலாறு என்று ஒரு கனத்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் திருகுகள் துருவேறியிருக்கும். ஒன்றைத் திருகினால் தலை கையோடு வந்துவிடும். வாட்ச்சுக்குச் சொந்தக்காரனிடம் பிறகு நான் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் போனேன். பின்மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகடுகளின் வளைவுகளையும் திருகுகள் இருக்கும் இடங்களையும் பத்து மடங்கு பெரிதாக டிரேசிங் காகிதத்தில் வரைந்துகொள்வேன். இரண்டு மெஷின்கள் ஒன்றா என்று பார்க்க, ஒரு காகிதத்தின்மேல் இன்னொன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும். கோட்டின்மேல் கோடு விழுந்தால் ஒன்று. விலகினால் வேறு. இந்த முறை ஏமாற்றாது என்று நம்பினேன். பத்துப் பெயர்களுக்குள் ஒரே மெஷின் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஒரே பெயருக்குள் இரண்டு மெஷின் இருக்கலாம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ராயபுரத்தில் நல்ல வாட்ச் என்றால் கொக்கு வாட்ச்தான். கம்பெனியின் பெயர் பிரெஞ்சில் இருக்கும், எங்கள் யாருடைய வாயிலும் நுழையாது. டயலில் பறக்கும் கொக்கு ஒன்று பொறித்திருக்கும். அதனால் அந்தப் பெயர். மவுண்ட் ரோடு கடைகளில் ஏஜெண்ட் மூலம் வந்தது கிடைக்கும். கப்பல் சிப்பந்திகள் கொண்டுவந்து விற்றதும் உண்டு. ஆனால் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லமாட்டார்கள். தீர்வை கட்டாத சாமான் அல்லவா? பாதி வீடுகளில் துறைமுகச் சம்பளம். ரேடியோ, டெர்லின் சட்டைத்துணி, பவுடர் டப்பா, பிளேடு எல்லாம் கப்பலிலிருந்துதான் இறங்கும். எங்கே வாங்கினது என்று கேட்டால் மவுண்ட் ரோடு என்பார்கள். கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். கோயில் பூசையில் பாதிரியார் ஒன்று சொன்னால் நாம் மனப்பாடமாகப் பதில் ஒன்று சொல்வதில்லையா, அதைப்போல.

ரிப்பேர்க்காரர் வியாசர்பாடியிலிருந்து வருவார். மாதா கோயிலுக்குப் போகும் தெருவில் ஒரு தையற்கடையின் முகப்பில் கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்காருவார். தையற்காரர் சும்மா கொடுத்த இடம். அப்போது நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். 'அவர்' என்பதெல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. எனக்கு அவரைப் பிடிக்காது. எங்கள் வீட்டு அலாரம் கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் 'நாளைக்கி வா சார்' என்று அலைக்கழித்தவர். கண்ட எண்ணெயைப் போடுவார். பீடிச் சாம்பல் மெஷின்மேல் விழும். நான் வாட்ச்சைப் பற்றி ஏதாவது கேட்டால், 'ஓடுதா பாரு சார். ஓட்னா வாச்சி. ஓடலன்னா டப்பா' என்று முடித்துவிடுவார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நான் வெறும் காகிதத்தைப் பார்த்து மட்டும் முடிவு சொல்லவில்லை. அந்த அலாரம் கடிகாரமும் என்னோடு சேர்ந்து பேசிற்று. அவர் எங்கள் கோயில்காரர் இல்லை, வியாசர்பாடிக்காரர் என்பதும் பேசிற்று.

துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் சாரங்காக, அதாவது படகாட்களுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருந்தார். எல்லோருக்கும் அவர் சாரங்குதான். எனக்கு மட்டும் மாமா. அவருடைய கொக்கு வாட்ச்சை ரிப்பேர்க்காரரிடம் சுத்தம் செய்யக் கொடுத்தார். திரும்பி வந்ததிலிருந்து அது பின்தங்கியது. ஆலைச் சங்கு ஊதும்போது இவர் வாட்ச்சில் இன்னும் நேரம் ஆகியிருக்காது. முன்பெல்லாம் சங்கு தப்பினாலும் தப்பும், தன் வாட்ச் தப்பாது என்று பெருமை பேசியவர். மெஷினை மாற்றிவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லத் தொடங்கினார். மெஷினை மாற்றுவது எங்கும் நடப்பதுதான். நல்ல மெஷினை எடுத்துவிட்டு, அளவில் ஒத்த மட்டமான ஒன்றை அதே கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் என்னைத் தையற்கடைக்கு அழைத்தார்கள். நான்தான் படித்தவன், நான்தான் மெஷின் வரைகிறவன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சாரங்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"எங்க வாங்கினது மாமா?"

"மவுண்ட் ரோட்ல. ரொக்கமா குடுத்து வாங்கினேன்."

நான் தலையாட்டினேன். அந்தப் பதிலுக்கு எங்கள் தெருவில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் ராயபுரத்துக்காரனாக இல்லை, டிராயிங் ஆபீஸ்காரனாக இருந்தேன். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன்.

ஒப்பிடுவதற்கு இன்னும் இரண்டு கொக்கு வாட்ச் வேண்டும் என்றேன். பள்ளித் தலைமையாசிரியருடையதும், கோயிலில் பாட்டுக்குழு நடத்துபவருடையதும் வந்தன. இரண்டும் நிஜமாகவே கடையில் வாங்கியவை. அதனால்தான் பயமில்லாமல் கழற்றிக் கொடுத்தார்கள். அங்கே நின்றவர்களில் இன்னும் சிலர் கையில் கொக்கு வாட்ச் இருந்தது. அவர்கள் யாரும் கொடுக்க முன்வரவில்லை, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அது ஏன் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றையும் வீட்டுக்கு எடுத்துப் போய் வரைந்தேன். ஆசிரியருடையதும் பாட்டுக்காரருடையதும் கோட்டின்மேல் கோடாக விழுந்தன. தகட்டில் கம்பெனிப் பெயரும் சின்னக் கொக்கும் பொறித்திருந்தன. சாரங்கின் மெஷின் அடியோடு வேறு. தகடு மூன்றுக்குப் பதில் இரண்டு. பெயர் இல்லை, கொக்கு இல்லை. அச்சுகளைத் தாங்குவது பதினேழு கல் என்பதும் நாட்டின் பெயரும் மட்டும் இருந்தன.

அங்கேயே நான் இன்னொன்று செய்திருக்க வேண்டும். முள்ளை எடுத்து டயலைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். டயலுக்குப் பின்னால் செம்பில் இரண்டு சிறு கால்கள் உண்டு. அவை மெஷினின் தகட்டில் இருக்கும் இரண்டு துளைகளில் போய் உட்காரும். ஒவ்வொரு மெஷினுக்கும் துளை இருக்கும் இடம் வேறு. மெஷினை மாற்றினால் பழைய டயலின் கால்கள் புதிய துளைகளில் பொருந்தாது. கால்களை வெட்டிவிட்டுக் கோந்து வைத்து ஒட்டத்தான் வேண்டும். கால்கள் முழுசாகத் துளையில் இருந்தால் மெஷின் பிறந்த நாளிலிருந்து அந்த டயலோடுதான் இருக்கிறது. பத்து நிமிட வேலை. இது எனக்குத் தெரிந்த விஷயமும்கூட. முள்ளை எடுக்கும்போது வளைந்துவிட்டால் சாரங்கு கத்துவார் என்று பயந்தேன். கோடுகள் இவ்வளவு தெளிவாக விலகியிருக்கும்போது அது எதற்கு என்றும் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காகிதங்களைத் தையற்கடையின் துணி வெட்டும் மேசையில் விரித்தேன். ஒவ்வொருவராக வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். புரியாதவர்களும் தலையாட்டினார்கள். பிறகு நான் முதலில் எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

ரிப்பேர்க்காரர் பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தார். "நான் மாத்தல சார். கயிட்டினேன், தொட்ச்சேன், எண்ண போட்டேன், மாட்டினேன். அவ்ளோதான்."

"பின்ன மெஷினு தானா எய்ந்து நடந்து பூட்ச்சா?" என்றார் சாரங்கு.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நான் மாத்தல" என்றார் அவர் மறுபடியும். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நிதானமாகப் பேசியிருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன். அவர் கெட்ட வார்த்தையில் இறங்கினார், இடுக்கியைத் தூக்கி எறிந்தார். திருடன்தான் இப்படிக் கத்துவான் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "படிச்ச ஆளு சொல்லிட்ட. இனிமே நான் இன்னாத்த சொல்றது?" என்றார். தையற்காரர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, இதைத் தூக்கிக்கொண்டு போ என்று கண்ணாலேயே சொன்னார். அவர் தூக்கிக்கொண்டு போனார்.

சில வாரங்கள் கழித்து ஒரு விடுமுறை நாளில் என்னுடைய சொந்த வாட்ச்சைத் திறந்தேன். அதுவும் கொக்கு வாட்ச்தான். கல்யாணத்தின்போது மாமனார் போட்டது. ஊரார் வாட்ச்சையெல்லாம் திறந்தவன் இதை மட்டும் ஏன் திறக்கவில்லை என்று கேட்கலாம். அவர் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவரிடம் வேலை பார்த்தவர். அந்த வாட்ச் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. திறந்தால் கேட்க வேண்டியிருக்கும். அன்றைக்கு ஏன் திறந்தேன் என்றால், கொக்கு மெஷின் என் கையிலேயே இருக்கிறதே, இன்னும் ஒரு நல்ல படம் வரைந்து வைப்போம் என்ற ஆசைதான்.

உள்ளே தகடு இரண்டு. பெயர் இல்லை, கொக்கு இல்லை. பதினேழு கல்.

எஃகுத் திருகுகளின் நீல மெருகு கொஞ்சமும் கலையவில்லை. எந்தத் திருப்புளியும் அவற்றைத் தொட்டதில்லை. இந்த முறை டயலையும் கழற்றினேன். இரண்டு கால்களும் முழுசாகத் துளைகளில் உட்கார்ந்திருந்தன. வரைந்து, சாரங்கின் படத்தின்மேல் வைத்தேன். ஒரு கோடு விலகவில்லை. ஏடனிலும் சிங்கப்பூரிலும் கப்பல்காரர்களுக்கு மலிவாக விற்ற வாட்ச்களில் கம்பெனி வெளி ஆலையின் மெஷினை வைத்திருக்கிறது. ஏஜெண்டுக்கு அனுப்பியதில் மட்டும் சொந்த மெஷின். இது புரிய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சாரங்கின் வாட்ச் பின்தங்கியது ரிப்பேர்க்காரர் போட்ட கண்ட எண்ணெயால்தான் இருக்கும்.

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "அத்த எதுக்கு இப்ப நோண்டிகினு கீறீங்க? நல்லாத்தான ஓடிகினு கீது."

விஷயத்தைச் சொன்னேன்.

"போயி சொல்லப் போறீங்களா? எங்கேர்ந்து வந்துச்சின்னு கேப்பாங்க இல்ல? எங்க நைனாவ போலீஸ்டேஷன்ல குந்த வெக்கலாம்னு பாக்கறீங்களா?"

அவள் கேட்டது நியாயம். ஆனால் பழியை அவள்மேல் போட மாட்டேன். அவள் கேட்காமலிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். துறைமுகத்துச் சம்பளம் வாங்குபவன் கையில் தீர்வை கட்டாத வாட்ச். தவிர, எல்லோருக்கும் முன்னால் காகிதத்தை விரித்துக் காட்டியவன் மறுபடி போய் அந்தக் காகிதம் பொய் என்று எப்படிச் சொல்வான்? மூடியை அழுத்தி மூடி, வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு யாருடைய மெஷினையும் வரையவில்லை. கேட்டவர்களிடம் கண் வலிக்கிறது என்றேன்.

சில வருடங்களில் திருவொற்றியூருக்கு வீடு மாற்றினோம். டோல்கேட்டைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு தகரக் கொட்டகையின் கீழ் அந்த ரிப்பேர்க்காரர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிப் பெட்டி இல்லை. பம்ப் ஸ்டவ், குடை, பூட்டு, டார்ச் லைட். வாட்ச்சை நம்பிக் கொடுக்க யாரும் இல்லை போலிருக்கிறது. அவரைப் பார்த்த நாளிலிருந்து பஸ்ஸில் மறுபக்கச் சன்னலோரம் இடம் தேடத் தொடங்கினேன். கிடைக்காத நாட்களில் பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். படிக்க மாட்டேன்.

மாமனார் காலமானார். என்னிடமிருந்த சாக்கு அதோடு போனது. அப்படியும் நான் போகவில்லை. கடைசியில் கிளப்பியது என் மனைவிதான். ஒருநாள் ஸ்டவ்வை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வந்தவள், "அந்த ஆளுதான். என்னப் பாத்ததும் தெரிஞ்சிகினாரு. சார் நல்லா கீறாரான்னு கேட்டாரு" என்றாள். பிறகு சமையற்கட்டிலிருந்து, "நைனாவும் இல்ல இப்போ. போயி சொல்லிட்டு வந்துடுங்க. எனக்கு அந்த மூஞ்சியப் பாத்து ஸ்டவ்வ திருப்பி வாங்க முடியாது" என்றாள்.

போனேன். ஸ்டவ்வின் முன்னால் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியால் பர்னரைக் குத்திக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார்.

"எது?"

"நான் மாத்தலன்றது. எனக்குத் தெரியாதா?"

அவரே தொடர்ந்தார். "வேற மூணு நாலுல மாத்திகீறேன். இல்லன்னு சொல்லல. அதுல ஒண்ணு உன்னாண்டயே வந்துச்சி. நல்ல மெஷினுன்னு சொல்லி அனுப்சிட்ட. மாத்தாததுக்குப் போயி மாட்டிகினேன் பாரு, அதான் பேஜாரு."

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. திருடன்தானே, அப்புறம் என்ன, எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது. என்னிடம் வந்து போன அந்த மாற்று மெஷின் எது என்று மனம் ஒருபக்கம் தேடிக்கொண்டிருந்தது. கோபமாகவும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எத்தனை மெஷினை மாற்றியிருந்தாலும் சாரங்கின் மெஷினை அவர் மாற்றவில்லை. நான் சொன்னது அந்த ஒரு வாட்ச்சைப் பற்றித்தான்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"இங்க சொல்லி இன்னா பிரயோஜனம்? அங்க போயி சொல்லு. அதே எடம், கோயில் உட்டு ஜனம் வர்ற நேரம். நானும் வரேன்."

முதலில் சாரங்கின் வீட்டுக்குப் போனேன். ரொம்பத் தளர்ந்திருந்தார். வாட்ச் கப்பலில் வாங்கியது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "மவுண்ட் ரோட்ல வாங்கினேன்" என்றார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே மாமா என்று கெஞ்சினேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "சின்னவன் துறைமுகத்துல வேலைக்கு எழுதிப் போட்டுட்டு ஒக்காந்துகினு கீறான். இப்ப வந்து கப்பலு கிப்பலுன்ற. மவுண்ட் ரோட்லதாம்பா. போயிட்டு வா."

கப்பல் சாமான் சோதனைகள் அதிகமாயிருந்த சமயம் அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் திரும்பி வரும் வழி முழுக்க அவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தையற்கடைக்குப் போனேன். ரிப்பேர்க்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் நின்றார். பூசை விட்டு ஜனங்கள் வந்தார்கள். என் வாட்ச்சைத் திறந்து அதே மேசையில் வைத்தேன். பழைய காகிதங்களை விரித்தேன். பாருங்கள், சாரங்கு வாட்ச்சில் இருந்த மெஷின்தான் இதிலும் இருக்கிறது, அன்று நான் சொன்னது தவறு, அவர் மெஷினை மாற்றவில்லை என்றேன்.

தையற்காரர் குனிந்து பார்த்தார். "அடப்பாவி. சாரு வாச்சியவே மாத்திட்டானா?"

"இல்லை. அவர் இதைத் தொட்டதே இல்லை."

"எப்ப குடுத்தீங்க அவங்கைல?"

"கொடுக்கவே இல்லை."

"அப்பறம் எப்டி மாத்தினான்?" என்றார் பாட்டுக்குழுக்காரர்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். டயலின் கால்களைக் காட்டினேன், துளைகளைக் காட்டினேன். நான் சொல்லச் சொல்ல, அவர் மாற்றிய வாட்ச்கள் ஒன்றுக்கு இரண்டாகிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் நின்றவரைச் சிலர் திரும்பி முறைத்தார்கள். வழக்கைத் தீர்க்க ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் தப்பலாமா என்று கடைசிவரை பார்த்தேன்.

"இது கப்பல்ல வந்தது" என்றேன். "சாரங்கு மாமாவோடதும் கப்பல்ல வந்ததுதான். கப்பல்ல வர்ற கொக்கு வாட்ச் எல்லாத்துலயும் இந்த மெஷின்தான். உங்கள்ல யார் கையிலயாவது இருந்தா இப்பவே தொறந்து பாக்கலாம்."

ஒருவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். ஒருவருக்கு வீட்டில் யாரோ வந்து காத்திருப்பது நினைவுக்கு வந்தது. காசிமேட்டில் இன்று வஞ்சிரம் வந்திருக்கிறதாமே என்று ஒரு பேச்சு கிளம்பி, அந்தப் பேச்சோடு நாலு பேர் நகர்ந்தார்கள். சாரங்கு கோயில் வாசலில் கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றிருந்தார். பிறகு பார்த்தபோது இல்லை. அவ்வளவு ஜனத்தில் நான் சொன்னதைக் கேட்டதாக ஒப்புக்கொள்ள ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ரிப்பேர்க்காரர் தெருவைக் கடந்து வந்து, தன் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தார். அங்கே இப்போது இன்னொரு தையல் மெஷின் இருந்தது. "எடம் இல்லப்பா" என்றார் தையற்காரர், துணியிலிருந்து தலையைத் தூக்காமல். "நீ மாத்தலன்னே வெச்சிக்க. எடம் எங்க கீது?"

பிறகு நடந்தது இதுதான். யாரோ ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். விசாரித்தார்கள். மாமனார் கொடுத்தது என்றேன். இறந்தவர்மேல் பழி போடுவதுபோல்தான் எனக்கே கேட்டது. எச்சரிக்கை கொடுத்தார்கள், வாட்ச்சை எடுத்துக்கொண்டார்கள். அதோடு ரிப்பேர்க்காரருக்காகக் காட்ட என்னிடமிருந்த ஒரே சாட்சியும் போனது. சாரங்கின் வாட்ச் அவர் வீட்டில் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். என் மனைவி தன் அப்பாவின் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

விசாரணை முடிந்த பிறகு ஒருநாள் டோல்கேட்டில் இறங்கினேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"இன்னா சார், கை காலியா கீது?"

"எடுத்துக்கிட்டாங்க."

"அங்க போயி சொல்லுன்னேன். இம்மாந் தொலவு போவும்னு நெனக்கல." அவர் சாமான்கள் கிடந்த தகர டப்பாவைக் கிளறி, பழைய வாட்ச் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். யாரோ லாரி டிரைவர் ஓடவில்லை என்று கொடுத்தானாம். "இது இன்னா மெஷினு, சொந்த மெஷினான்னு பாத்துச் சொல்லு."

பின்மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. தகடுகளைப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான மெஷின். வாய்வரை பெயர் வந்துவிட்டது.

"டயலைக் கழட்டாம சொல்ல முடியாது" என்றேன்.

"கயிட்டு."

இடுக்கியைக் கொடுத்தார். முள்ளை வளைக்காமல் எடுக்க வெகுநேரம் பிடித்தது. டயல் வந்தது. பின்னால் கால்கள் இரண்டும் வெட்டப்பட்டு, காய்ந்த கோந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. யாரோ மாற்றிய மெஷின்.

இருவரும் அதைப் பார்த்தோம்.

"இது நான் பண்ணதில்ல" என்றார்.

"சரி."

"சரின்னா? நம்பறியா, நம்பலயா?"

"தெரியலை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு டயலை வாங்கி டப்பாவில் போட்டார். பிறகு ஸ்டவ்வைப் பக்கத்தில் இழுத்துக் காற்றடிக்க ஆரம்பித்தார்.